தொண்ணூறு நாள் நிழல்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு, ஜெஸ்லினின் நிழல் சுவரைத் தப்பாகத் தொட்டது.

பெரிய தப்பொன்றும் இல்லை. வலது கை தொட்ட பிறகு இடது கை வந்து தொட்டது, அவ்வளவுதான். இரண்டுக்கும் நடுவில் கண்ணை மூடித் திறக்கிற நேரம்கூட இல்லை. ஃப்ரீஸ்டைல்காரர்களுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே கிடையாது. ஒரு கையால் தொடுவார்கள், திரும்புவார்கள், போய்க்கொண்டே இருப்பார்கள். மார்பு நீச்சல்காரர்களின் பிழைப்பு அப்படி இல்லை. இரண்டு கையும் சேர்ந்து விரிய வேண்டும், இரண்டு காலும் சேர்ந்து உதைக்க வேண்டும், சுவரை இரண்டு கையும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். ஒரு கை பிந்தினால் சுவரோரம் நிற்கிற நடுவர் தன் கையைத் தூக்கிவிடுவார். நான்கு வருட உழைப்பு அந்த இடத்திலேயே முடிந்துபோகும்.

நிழல் என்றதும் வெயிலில் விழுகிற நிழலை நினைத்துவிடக் கூடாது. ஏற்காட்டு மலையடிவாரத்தில் இருந்த அந்தப் பயிற்சி மையத்தின் குளத்துக்கு அடியில் முழுக்க ஒளிக்கற்கள் பதித்திருந்தார்கள். பிள்ளைகள் தண்ணீரில் குதித்ததும், ஒவ்வொருத்தியின் வயிற்றுக்குக் கீழேயும் முகமில்லாத ஒரு கறுப்பு உருவம் அந்தத் தரையில் நீந்தத் தொடங்கும். இடது மணிக்கட்டில் எந்நேரமும் கட்டியிருக்கும் பட்டை அவள் நாடித் துடிப்பை, தூக்கத்தை, கை எவ்வளவு வேலை செய்தது என்பதைச் சொல்லும். தண்ணீருக்குள் லேனுக்கு ஒன்றாக இருக்கிற கேமரா அவள் எப்படி நீந்துகிறாள் என்பதைச் சொல்லும். இரண்டையும் சேர்த்து இயந்திரம் ஒரு கணக்குப் போடும். இன்றிலிருந்து தொண்ணூறாம் நாள் இந்த உடம்பு எப்படி நீந்தும் என்பதுதான் அந்த உருவம்.

ஆறு வருடத்துக்கு முன்னால், நாகர்கோவிலிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கிய அன்றைக்கு, ஜெஸ்லின் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் நௌஷாத்திடம் கேட்டிருந்தாள்.

"ஜாதகம் மாதிரியா அண்ணா?"

"ஜாதகம் பலிக்கலாம், பலிக்காமலும் போகலாம். இது பலிக்கும். நீ ஒண்ணும் யோசிக்க வேணாம். கீழ அது என்ன பண்ணுதோ அதை நீ மேல பண்ணு. அது உன்னைவிட ஒரு முழம் முன்னாடி போகும். துரத்திக்கிட்டே இரு."

ஆறு வருடம் அவள் துரத்தினாள். பத்துப் பேர் துரத்தினார்கள். பலித்துக்கொண்டேதான் இருந்தது, அதில்தான் சங்கடமும் வந்தது. போன வருடம் கரூர்ப் பெண் ஒருத்தியின் நிழல் மூன்று வாரம் தொடர்ந்து மெதுவாகப் போனது. அவள் நன்றாகத்தான் நீந்திக்கொண்டிருந்தாள். இன்னும் மெதுவாகவே ஆகாத ஒருத்தியை, ஆகப்போகிறாள் என்று சொல்லி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். பேருந்து நிலையம்வரை கூடப் போன ஜெஸ்லின், என்ன ஆறுதல் சொல்வதென்று தெரியாமல் ஒரு பொட்டலம் முறுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

அதனால் அந்தச் செவ்வாய்க்கிழமை பார்த்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆசியப் போட்டிக்கான தேர்வுக்கு ஏழு வாரம்தான் இருந்தது. இருநூறு மீட்டர் மார்பு நீச்சலில் ஒரே ஒரு இடம். இரண்டு முறை நூலிழையில் தவறவிட்டவள் அவள். இப்போது வயது இருபத்துமூன்று, இந்த முறையும் தவறினால் அடுத்த முறை என்று ஒன்று இருக்காது. போதாததற்கு அவள் இப்போதுதான் அஞ்சிலிருந்து நாலாவது லேனுக்கு வந்திருந்தாள்.

அந்த மையத்தில் நாலாவது லேன் என்றால் சிம்மாசனம். போட்டிகளில் வேகமான ஆளுக்குத்தான் நடு லேன் கொடுப்பார்கள். பயிற்சியாளர் சுந்தரவடிவேல் அதைப் பயிற்சிக் குளத்திலும் ஒரு விரதம் மாதிரிக் கடைப்பிடித்தார். நாலாவது லேன் காலியாகவே கிடக்கக் கூடாது என்பது அவருடைய நம்பிக்கை. காலியாகக் கிடந்த வருடங்களில் பதக்கம் வரவில்லை என்று கணக்கு வைத்திருந்தார். நான்கு வருடமாக அங்கே இருந்தவள் கோபிசெட்டிபாளையத்துப் பூவிழி. ஜெஸ்லினின் அறைத்தோழி, அவளுடைய ஒரே போட்டியும்கூட. பூவிழியின் அக்காவுக்குப் பிரசவம், பார்த்துக்கொள்ள அம்மா இல்லாத வீடு. மூன்று வாரம் விடுப்பு கேட்டு அழுது வாங்கிக்கொண்டு போயிருந்தாள்.

"நீ வா கண்ணு நாலுக்கு," என்று சொல்லி, சுந்தரவடிவேல் வெள்ளைப் பலகையில் பூவிழியின் பெயரைக் கையாலேயே அழித்துவிட்டு ஜெஸ்லின் என்று எழுதினார். முப்பது வருடமாக லேன் மாற்றம் என்றால் அவருக்கு அந்தப் பலகையும் ஒரு மார்க்கரும்தான்.

புது லேனில் நிழல் கொஞ்சம் வேறு மாதிரி இருந்தது. கால் உதை குறுகலாக இருந்தது. சார் இத்தனை வருடமாகக் காலைக் குறுக்கு, குறுக்கு என்று கத்தியதை, தொண்ணூறு நாளில் ஒருவழியாகக் கற்றுக்கொண்டுவிடப் போகிறோம் போலிருக்கிறது என்று அவள் சந்தோஷப்பட்டாள். அதைப் பார்த்துத் தானும் குறுக்கினாள். ஒரே வாரத்தில் அரை விநாடி குறைந்தது. அதற்கடுத்த வாரம்தான் அந்த இடது கை.

புதன்கிழமையும் அது பிந்தியது. வியாழக்கிழமை இன்னும் கொஞ்சம். வெள்ளிக்கிழமை நிழலின் வலது கை சுவரில் ஒட்டிக்கொண்டு இடது கைக்காகக் காத்திருந்ததை அவள் தண்ணீருக்குள் தெளிவாகப் பார்த்தாள். பயமென்றால் அப்படி ஒரு பயம், அவளுக்கு அதற்கு முன் வந்ததில்லை.

அன்று மதியமே நௌஷாத்தின் அறைக்குப் போய், கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள். நௌஷாத் திரையைத் தட்டிப் பார்த்தான்.

"டைமிங் நல்லாத்தான் இருக்கு. சாருக்குப் போற அறிக்கையில டைமிங் மட்டும்தான் போகும். கை எப்பத் தொடுதுங்கறதெல்லாம் போகாது. பயப்படாத."

"அது எதுக்குண்ணா பிந்துது? மிஷின் கோளாறா?"

"அது சும்மா எதையும் காட்டாதும்மா." அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "உடம்புல ஏதோ ஆரம்பிச்சிருக்கு, உனக்கு இன்னும் தெரியல, அதுக்குத் தெரியுது. அப்படித்தான் இருக்கும். ஒரு கைன்னா நரம்பா இருக்கலாம். சேலத்துல நல்ல டாக்டர் ஒருத்தர் இருக்கார், யாருக்கும் சொல்லாம ஞாயித்துக்கிழமை போயிட்டு வந்துடு."

போனாள். இடது கையில் ஊசிகளைச் செருகி, மின்சாரம் பாய்ச்சி, விரல் விரலாக மடக்கிப் பார்த்த டாக்டர் கடைசியில் சிரித்தார். "இப்படி ஒரு கையைப் படம் எடுத்துப் பாடப் புத்தகத்துல போடலாம். ஒரு குறையும் இல்ல, போய் நீந்தும்மா."

அந்த நிம்மதி பத்து நாள்கூட நிலைக்கவில்லை. பூவிழி ஊரிலிருந்து வந்துவிட்டிருந்தாள். ஜெஸ்லினின் நேரம் நன்றாக இருந்ததால், சார் அவளை நாலிலேயே வைத்துக்கொண்டு பூவிழியை அஞ்சாவது லேனுக்கு அனுப்பினார். பூவிழி ஒரு வார்த்தை மனக்குறையாகச் சொல்லவில்லை. நிழல் மட்டும் நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டே வந்தது. ஒரு காலை, ஜெஸ்லின் இருநூறு மீட்டரை முடித்துச் சுவரைத் தொட்டதும் சுந்தரவடிவேல் குனிந்து உட்கார்ந்தார்.

"ஏன் கண்ணு, எடது கை லேட்டா வருது?"

"எனக்கா சார்?"

"மூணு டர்ன்லயும் பாத்தேன். கடைசித் தொடுகையில நல்லாவே தெரியுது. தோள்பட்டை புடிச்சிருக்கா?"

"ஆமா சார். லேசா புடிச்சிருக்கு."

அவள் குளித்துவிட்டு அறைக்கு வந்து, கண்ணாடி முன்னால் நின்று இரண்டு கையையும் ஒன்றாக நீட்டிப் பார்த்தாள். வலது கை போய் நின்றது. இடது கை, யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்திவிட்டு விட்டதுபோல, ஒரு கணம் கழித்துப் போனது. மறுபடி நீட்டினாள். மறுபடியும் அப்படியே. வலி இல்லை, மரத்துப்போகவும் இல்லை. அந்தக் கை தன் கூடவே இருந்தும் தன்னுடையதாக இல்லை என்று அவளுக்குத் தோன்றியது.

தலையைத் துவட்டாமல் நேராக நௌஷாத்திடம் ஓடினாள். கோபம் வந்தால் அவளுக்கு ஊர்ப் பேச்சு வந்துவிடும்.

"டாக்டரு ஒண்ணுமில்லன்னு சொல்லுதாரு. நரம்பு நல்லா இருக்குன்னு சொல்லுதாரு. அப்ப எனக்க கை எதுக்கு இப்படிச் செய்யுது? உங்க மிஷினைத் தொறந்து காட்டுங்க."

"இரு, இரு. உன் பட்டைக் கணக்கை எடுக்கறேன்." நௌஷாத் எடுத்தான். நெற்றி சுருங்கியது. "இதுல உன் இடது கை சரியாத்தானே இருக்கு. இதுல வர்ற நிழலும் சரியாத் தொடுதே. நீ பாக்கறது எது?"

"எனக்கு அடியில போறது."

"நீ எந்த லேன்?"

"நாலு."

"நீ அஞ்சும்மா."

"ஒரு மாசமா நாலு. சார் பலகையில எழுதிப் போட்டாரே."

நௌஷாத் எழுந்து ஜன்னலுக்குப் போனான். குளத்தங்கரையில் வெள்ளைப் பலகை நின்றிருந்தது. அவன் இந்த ஒரு மாதத்தில் அதை ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. சார் சொல்வார் என்று அவன் இருந்தான். இயந்திரத்துக்கு ஆளைத் தெரியும் என்று சார் இருந்தார். எந்த லேனில் எந்த நிழல் என்கிற பட்டியல் பழையபடியே கிடந்தது.

"நாலு பூவிழியோடது," என்றான். "நீ இத்தனை நாளா துரத்தினது அவ நிழலை."

ஜெஸ்லினுக்கு முதலில் வந்தது சந்தோஷம். அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை பொய்யாகிவிடும். எனக்கில்லை, எனக்கில்லை, அவளுக்குத்தான் என்று மனசு துள்ளியது. அப்புறம்தான் பூவிழியின் முகம் ஞாபகம் வந்தது.

"அப்ப அவளுக்குக் கையில ஏதோ வரப்போகுதா?"

"அப்படித்தான் ஆகுது. உனக்கு வந்தது வியாதி இல்ல. நீ அதைப் பாத்துப் பாத்துப் பழகிக்கிட்டே. ஆறு வருஷம் நிழல் செய்யறதைச் செய்யப் பழகின உடம்பு. அது நொண்டினா நீயும் நொண்டுவே." நௌஷாத் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "சார்கிட்ட சொல்லிடறேன். என் வேலை போகும், போகட்டும்."

இந்த இடத்தில் ஜெஸ்லின் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"வேணாம்ணா," என்றாள். "சார்கிட்ட சொன்னா நாளைக்கே அவளை வீட்டுக்கு அனுப்பிருவாரு. கரூர்க்காரியை அனுப்பின மாதிரி. பாவம்லா. நீங்க பேசாம பட்டியலை மட்டும் சரி பண்ணிருங்க. அவ நிழலை அவ பாத்துக்கிடட்டும். பாத்துட்டு டாக்டர்கிட்ட போணுமா என்னன்னு அவளே முடிவு பண்ணட்டும்."

கேட்பதற்கு எவ்வளவு நல்ல மனசு. நௌஷாத் அவளை நன்றியோடு பார்த்தான். வேலையும் தப்பித்தது, பாவமும் சேரவில்லை. அந்த நிழலைத் தொடர்ந்து பார்த்தால் கை என்ன ஆகும் என்பது உலகத்திலேயே ஒருத்திக்குத்தான் உடம்பால் தெரியும். அவள்தான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை குதித்ததும் ஜெஸ்லின் கீழே பார்த்தாள். அகலமான உதை. அவளுடையதுதான். ஐம்பதாவது மீட்டரில் நிழலின் இரண்டு கையும் சேர்ந்து சுவரில் பதிந்தன. தண்ணீருக்குள் அழ முடியும் என்பதை அன்றைக்குத்தான் கண்டுகொண்டாள். நீந்தி முடித்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியபோது, பக்கத்து லேனில் பூவிழி அசையாமல் நின்றிருந்தாள். தன் காலுக்கடியில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஜெஸ்ஸி, கீழ பாத்தியா?"

"என்னது?"

"ஒண்ணுமில்ல," என்று பூவிழி கண்ணாடியை இழுத்து மாட்டிக்கொண்டாள். "தண்ணி கலங்கலா இருக்கறாட்டம் இருக்குது."

அதற்குப் பிறகு பூவிழி அதைப் பற்றிப் பேசவில்லை. ஜெஸ்லின் எதற்காகப் பேசாமல் இருந்தாளோ அதே காரணத்துக்காகத்தான். மூன்று வாரத்துக்குள் அறையில் சில மாற்றங்கள் தெரிந்தன. பூவிழி பின்னல் போடுவதை விட்டுவிட்டு, முடியை ஒரே வலது கையால் சுருட்டிக் கட்டிக்கொண்டாள். இரண்டு கையாலும் தூக்க வேண்டிய தண்ணீர்க் குடத்தைத் தொடாமல், டம்ளர் டம்ளராக எடுத்துக் குடித்தாள். ஒரு நாள் சாயங்காலம் போர்வையை உதறி மடிக்கும்போது ஒரு முனை முதலில் போக, இன்னொரு முனை பின்னால் போனது. பூவிழி போர்வையைக் கட்டிலில் போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெஸ்லின் புத்தகத்தைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். இப்போது சொல்லிவிடலாம் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. தேர்வு முடியட்டும், முடிந்ததும் முதல் வேலை இதுதான் என்று அதைச் சமாதானப்படுத்தினாள். ஜெஸ்லினின் கை இதற்குள் முழுசாகத் தேறிவிட்டிருந்தது.

தேர்வு பெங்களூரில் நடந்தது. போட்டிக் குளத்தில் நிழல் கிடையாது, வெறும் வெள்ளை ஓடுகள். நூற்றைம்பது மீட்டர்வரை பூவிழிதான் முன்னால் போனாள். ஜெஸ்லின் கடைசி ஐம்பதில் பிடித்து, ஒரு தலை வித்தியாசத்தில் முந்திச் சுவரைத் தொட்டாள். பலகையில் முதல் பெயர் அவளுடையது, இரண்டாவது பூவிழி. அரை நிமிடத்தில் இரண்டாவது பெயர் மறைந்தது. மூன்று திருப்பங்களிலும் நடுவர்கள் கை தூக்கியிருந்தார்கள். பூவிழி தண்ணீரைவிட்டு ஏறவில்லை. உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மேலே சுந்தரவடிவேல் துண்டை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். எப்படியும் முந்தியிருக்கிறோம், நேர்மையாகத்தான் ஜெயித்திருக்கிறோம் என்று ஜெஸ்லின் அன்று முழுக்கத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பூவிழி அங்கிருந்தே ஊருக்குப் பேருந்து ஏறிவிட்டாள். சொல்ல வேண்டிய முதல் வேலை அப்படியே நின்றது. வாரங்கள் ஓடின, மாதங்கள் ஓடின. நௌஷாத் வேலையை விட்டுப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டாள். ஏன் என்று விசாரிக்கவில்லை.

ஆசியப் போட்டியில் அவள் நீந்துவதற்கு முந்தின நாள், வீராங்கனைகள் தங்கியிருந்த விடுதி அறையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது ஃபோன் வந்தது. பூவிழி. எடுக்காமல் விட்டுவிடலாமா என்று நினைத்து, எடுத்தாள்.

"நாளைக்குத்தான புள்ள? டிவில போடறாங்களாமா, ஊரே பாக்கப் போகுது," என்றாள் பூவிழி. பின்னால் ஒரு குழந்தை சிணுங்கும் சத்தம் கேட்டது.

"உனக்கு எப்படி இருக்கு?"

"அதைச் சொல்லத்தான் கூப்புட்டேன். கோயமுத்தூர்ல மூணு டாக்டர்ட்ட காட்டியாச்சு. நோவெல்லாம் ஒண்ணுமில்லையாம். வரவும் வராதாம்."

ஜெஸ்லினுக்குக் கையிலிருந்த துணி நழுவியது. "அப்ப அந்த நிழலு?"

"நௌஷாத் அண்ணன் வீடு தேடி வந்துட்டாரு. கணக்கையெல்லாம் உக்காந்து பிரிச்சுப் பாத்தாராம், கண்ணு கலங்கிட்டாரு. நான் லீவுல இருந்தேன்ல, அப்பவும் பட்டை என்னோட கையிலதான் இருந்துச்சு. மூணு வாரமும் பாப்பாவை எடது கையிலயேதான வச்சுட்டு இருந்தேன், இறக்கி வுட்டா அழுகும். பட்டை என்ன நெனச்சுதோ, இந்தக் கை அசையறதே இல்ல, இது போச்சுன்னு முடிவு கட்டிருச்சு. கேமரால நீ நீந்துனது. ரெண்டையும் ஒட்டவச்சு அது ஒருத்தியைச் செஞ்சிருக்குது. நீ அவளைப் பாத்துப் பிந்த, கேமரா உன்னையப் பாத்துட்டு, அடடா இன்னும் பிந்துதேன்னு அவளை இன்னும் பிந்த வச்சிருக்குது. அப்படி ஒருத்தியே கெடையாது ஜெஸ்ஸி. அது நீயும் இல்ல, நானும் இல்ல."

பூவிழி சிரித்தாள். அந்தச் சிரிப்பில் குத்தல் இருக்கிறதா என்று ஜெஸ்லின் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். இல்லை. அது இருந்திருந்தால் தேவலை என்றிருந்தது.

"இப்பக் கை சரியாயிருச்சா?" என்று ஜெஸ்லின் கேட்டாள்.

"அதுதான் ஆவல. பாப்பாவுக்குக் கை தட்டிக் காட்டுனா, ரெண்டு கையும் ஒண்ணாச் சேர மாட்டேங்குது. சோத்தாங்கை வந்து நின்னுக்குது, இன்னொண்ணு மெதுவா வருது. பாப்பாவும் இப்ப அப்படித்தான் தட்டுது." குழந்தையின் சிணுங்கல் ஃபோனுக்குப் பக்கத்தில் வந்தது. "நௌஷாத் அண்ணன் இன்னொண்ணு சொன்னாரு. உனக்கும் அச்சு அசலா இதே மாதிரி வந்துச்சாமா. அப்பறம் ஒரே வாரத்துல போயிருச்சாமா. நல்ல வேளைன்னு நெனச்சுட்டேன்."

ஜெஸ்லின் கீழே விழுந்த ஈரத்துணியை எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.

"நீ எப்படிப் புள்ள சரி பண்ணுனே? சொன்னீன்னா நானும் அதையே பண்ணிக்குவேன்."